எட்டாத தட்டு

"ஏணியில் ஏற முடியுமா?"

1977-ஆம் ஆண்டில், தலைநகரிலிருந்த ஒரு நூலகத்தின் உதவியாளர் பணிக்காக நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தேன். மேசைக்கு அப்பால் மூவர் அமர்ந்திருந்தனர். என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்தபின் அவர்களுள் மூத்தவர் கேட்ட வினா இது. கேட்டவர் குரலில் ஏளனம் சிறிதும் இல்லை. இப்படிக் கேட்க நேர்ந்ததே என்னும் கூச்சந்தான் இருந்தது. பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பிறந்து, மூன்றாம் வயதில் இளம்பிள்ளைவாதம் கண்டு, இடக்காலில் இரும்புச் சட்டம் பூட்டி நடப்பவன் நான். அறைக்குள் நுழைந்தபோதே அந்தச் சட்டம் எழுப்பிய ஓசையை மூவரும் கேட்டிருப்பர்.

"முடியும்" என்றேன். பொய். வேலை கிடைத்தது.

33 ஆண்டுகள் அந்தப் பொய்யோடு பணியாற்றி 2010-இல் ஓய்வு பெற்றேன். வாய்மையைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்கள் என்னைக் கண்டிக்கலாம். வள்ளுவர் பொய்க்கும் ஓரிடத்தில் இடமளித்தாரே என்று எனக்காக வாதாட முன்வருவோரும் இருக்கக்கூடும். அந்தச் சலுகையை நான் கோரவில்லை. குற்றமற்ற நன்மை விளைந்தால் அல்லவா அவர் பொய்யை மன்னித்தார்? என் பொய்யால் அன்று நன்மை பெற்றவன் நான் ஒருவனே. அதனால் விளைந்த தீமை ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன். ஈண்டு நான் எழுப்ப விரும்பும் வினா வேறு. பிறர் துணையின்றி முழுமையாகச் செய்ய இயலாத பணியை ஒருவன் ஏற்பது முறையா? ஏற்றவனுக்குத் துணை நிற்பது நிறுவனத்தின் கடமையா, கருணையா? எல்லாத் தொழிலுக்கும் பொதுவான வினாவே எனினும், நூலகத்தையும் ஆவணக் காப்பகத்தையும் வைத்தே இதனை ஆராய்கிறேன். எனக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

முதலில், நூலகப் பணி என்பது யாது? வந்த நூலைப் பதிவேட்டில் ஏற்றுதல், அதன் பொருளறிந்து வகை எண் இடுதல், அட்டை எழுதுதல், வாசகர் வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் தடுமாறும் தேவையைப் புரிந்துகொண்டு உரிய நூலை அவர் கையில் சேர்த்தல். இவற்றுள் எதற்கும் கால் வேண்டியதில்லை. கடைசியிற் சொன்னதற்குக் கூடக் காதும் கருத்துமே வேண்டும். ஏணி எங்கிருந்து வந்தது? அலமாரி உயரமாக இருந்ததால் வந்தது. அலமாரி ஏன் உயரமாக இருந்தது? கட்டடம் கட்டியவர் அப்படி அமைத்தார். ஆக, என்னிடம் கேட்கப்பட்டது நூலகப் பணியைப் பற்றிய வினா ஆகாது. ஒரு தச்சர் என்றோ எடுத்த அளவைப் பற்றிய வினா.

இதனை என் சொந்த வாதமென்று எண்ணிவிட வேண்டா. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதனை நூலகத்துறையினர் அனைவரும் அறிவர். தமிழாசிரியர் பலர் அறியாதது வியப்பே. கணிதம் கற்பித்தவர். பேச்சில் திக்கல் உடையவர். அது அவருடைய ஆசிரியத் தொழிலுக்கு ஓரளவு இடையூறாக இருந்ததென்றும், காலப்போக்கில் அதனை அவர் மெல்ல மெல்ல வென்றாரென்றும் கூறுவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பது அவற்றுள் முதல் விதி. கேட்பதற்கு எளிமையான இவ்விதியிலிருந்து அந்தக் கணித ஆசிரியர் அலமாரியின் உயரத்தையே வருவித்தார் என்பதுதான் என்னைக் கவர்ந்த செய்தி. நூலைப் பாதுகாப்பதே நோக்கம் என்றிருந்த காலத்தில் அலமாரிகள் கூரையைத் தொட்டன. பயன்பாடே நோக்கமென ஆனபின், நடுத்தர உயரமுள்ள ஒருவர் தரையில் நின்றபடியே கைநீட்டி எட்டும் அளவுக்கு மேல் தட்டு இருத்தல் ஆகாது என்றார் அவர். மரச்சட்டம் செய்வதில் ஓர் அறக்கொள்கை இருக்கிறது என்று நமக்குக் காட்டிய பெரியார் அவர்.

அவரிடத்தில் எனக்கு அளவிலா மதிப்பு உண்டு. எனினும் ஓர் ஐயமும் உண்டு. நடுத்தர உயரமுள்ள அந்த ஒருவர் யார்? அவருக்கு இரண்டு கால்கள் உள்ளன, நிற்கிறார், இரு கைகளும் தோளுக்கு மேல் உயர்கின்றன, நூலின் முதுகிலுள்ள எழுத்து அவர் கண்ணுக்குத் தெரிகிறது. கூரையிலிருந்து அலமாரியை மனிதன் அளவுக்கு இறக்கியவர், எந்த மனிதன் என்னும் வினாவை எழுப்பாமலே விட்டார். 1931-இல் வேறு யாரும் எழுப்பவுமில்லை.

பிற்காலத்தார் எழுப்பினர். அமெரிக்காவில் 1990-இல் உடற்குறையுடையோர்க்கான உரிமைச் சட்டம் வந்தது. அதனையொட்டி 1991-இல் வெளியான கட்டட விதிகளைப் பணிக் காலத்தில் ஒருமுறை படிக்க நேர்ந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் முன்புறம் கைநீட்டி எட்டும் உயரம் 48 அங்குலம் என அவ்விதிகள் வரையறுத்தன. நூலக அலமாரிகளுக்கு இடையிலுள்ள வழி குறைந்தது 36 அங்குலமாவது இருக்க வேண்டும், இயன்றால் 42 அங்குலம் நன்று என்றும் கூறின. இவ்வளவு நுணுக்கமாக அளந்தவர்கள், நூலடுக்குகளின் உயரத்துக்கு மட்டும் எல்லை விதிக்கவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமன்று: எட்டாத நூலை எடுத்துத் தர நூலகப் பணியாளர் இருக்கிறாரே!

அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஊனமுற்றவர் எப்போதும் வாசகராகவே வருவார், எடுத்துக் கொடுப்பவர் எப்போதும் ஊனமற்றவராகவே இருப்பார் என்பது அவ்விதியின் அடியில் பேசாமல் கிடந்த நம்பிக்கை. அந்த எடுத்துக் கொடுப்பவன் நானாக இருந்தால்?

தமிழ் அறநூல்கள் ஈகையைப் போற்றிய அளவுக்கு இரத்தலை அஞ்சவும் செய்தன. திருக்குறளில் இரவச்சத்துக்கென்றே தனி அதிகாரம் உண்டு. கொடுக்கும் இடத்தில் நிற்கும் வாய்ப்பே இல்லாமல் வாழ்நாள் முழுதும் பெறும் இடத்திலேயே ஒருவனை நிறுத்தி வைப்பது, அவனுக்கு எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும், அவனுடைய மனிதத் தன்மையில் ஒரு பகுதியை மறுப்பதே ஆகும். நூலகத்தில் வாசகர் நிற்கும் பக்கம் ஒன்று, பணியாளர் இருக்கும் பக்கம் ஒன்று என இரண்டு உண்டு. கண்ணற்றோர்க்குப் புடைப்பெழுத்து நூல்கள், பேசும் நூல்கள், சாய்தளம், அகன்ற கதவு என உலகம் இந்த நூறாண்டில் செய்தவை பெரும்பாலும் வாசகர் பக்கத்துக்கே. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1897-இலேயே பார்வையற்றோர்க்குத் தனிப் படிப்பறை திறந்தது. பார்வையற்றோர் படிப்பதற்கேற்ற வடிவில் நூல்களைப் படியெடுக்க வழிவகுக்கும் உலக உடன்படிக்கை 2013-இல் மராகேஷ் நகரில் கையெழுத்தானது; சிங்கப்பூர் 2015-இலும் மலேசியா 2022-இலும் அதில் இணைந்தன. யாவும் போற்றத் தக்கவை. மறுபக்கத்தில் மாறியது குறைவு.

இவ்விடத்தில் பள்ளி விழாக்களில் நான் பலமுறை கேட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊனமுற்ற மாணவனுக்குப் பரிசு வழங்கும்போது, ஆள்வினையுடைமை அதிகாரத்தில் பொறியின்மையைப் பழியென்று கொள்ளாத குறளைச் சொற்பொழிவாளர் தவறாமல் எடுத்துரைப்பார். பொறி என்பதற்கு விதி எனப் பொருள் கொண்டார் பரிமேலழகர். உடலுறுப்பு எனக் கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும், முயற்சி இல்லாமையே பழி என்பது முடிபு. நன்று. ஆனால் அந்த முயற்சி யாருடையது? ஏன் எப்போதும் காலில்லாதவனை நோக்கியே அக்குறள் சொல்லப்படுகிறது? நான்கு படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் போட எண்ணாதவருக்கும், மேல்தட்டை ஓரடி இறக்க முயலாதவருக்கும் அது பொருந்தாதா? முயற்சியின்மை அவர்களிடத்தும் இருந்தது. அவர்களுக்கு யாரும் அதனைப் பாடிக் காட்டியதாக நான் அறியேன்.

பெரிய பதவியில் இருப்போர்க்கு நீதி வேறாக இருக்கிறது. அர்ஜென்டினா நாட்டு எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் 1955-இல் அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் இயக்குநராக அமர்த்தப்பட்டபோது, நூலைப் படிக்கும் அளவுக்குப் பார்வை அவருக்கு இல்லை. 1973 வரை அப்பதவியில் இருந்தார். அதே நூலகத்தில் அவருக்கு முன் இயக்குநர்களாக இருந்த ஹோசே மார்மோல், போல் குருசாக் ஆகிய இருவரும் பார்வை இழந்தவர்களே. பல நூறாயிரம் நூல்களுக்கு நடுவே பார்வையற்ற தலைவர் என்பதை ஊழின் விளையாட்டாகச் சொல்லி வியப்பது இலக்கிய உலகின் வழக்கம். எனக்கு அதில் வியப்பு வேறிடத்தில். அவருக்குப் பிறர் படித்துக் காட்டினர்; சொல்லச் சொல்ல எழுதினர்; அன்னையாரே அப்பணியைப் பல்லாண்டு செய்தார். அதனால் அவர் தகுதி குறைந்ததாக யாரும் கருதவில்லை. கண் நன்றாகத் தெரிகிற இயக்குநருக்கும் கடிதம் படித்துக் காட்டச் செயலாளர் இருக்கிறாரே! அதே பார்வையற்றவர் அதே நூலகத்துக்கு அட்டை எழுதும் எழுத்தராக விண்ணப்பித்து, எனக்குப் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும் என்று கேட்டிருந்தால்? தலைவருக்குச் செய்தால் அது அலுவலகம். எழுத்தருக்குச் செய்தால் அது சுமை. உதவியின் அளவு ஒன்றே. பெயர்தான் சம்பளத்தைப் பொறுத்து மாறுகிறது.

நம் முன்னோர் இதில் கொஞ்சம் தெளிவாக இருந்தனரோ என்று தோன்றுவதுண்டு. இரட்டைப் புலவர் கதையை அறியாத தமிழ் மாணவர் இரார். ஒருவர் கண்ணில்லாதவர், ஒருவர் கால் நடவாதவர். முன்னவர் தோளில் பின்னவர் அமர்ந்து வழிகாட்ட ஊர் ஊராகச் சென்றனர். ஒருவர் பாதிப் பாடலைத் தொடங்க மற்றவர் முடித்தார் என்பர். இதனை விந்தைக் கதையாகவே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். தில்லைக் கலம்பகத்துக்கு ஆசிரியர் அட்டை எழுத வேண்டிவந்த நாளில்தான் நான் அதன் பொருளை உணர்ந்தேன். ஆசிரியர் பெயர் என்னும் இடத்தில் 'இரட்டையர்' என ஒரே பெயர். எந்த அடி யாருடையது, யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கு அந்த அட்டையில் இல்லை. சுமந்தவர் என்றும் சுமக்கப்பட்டவர் என்றும் இரு பெயர் எழுதத் தமிழ் மரபு கேட்கவில்லை.

இன்று கருவிகள் பெருகிவிட்டன. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பு மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது; கணினித் திரையிலுள்ள தமிழையும் அது படித்துக் காட்டும். அட்டைப் பெட்டிகள் போய்ப் பட்டியல் கணினிக்குள் வந்துவிட்டதால், பார்வையற்ற ஒருவர் நூற்பட்டியல் பணி செய்வது இன்று கற்பனை அன்று. ஆயினும் பழைய ஏடுகளையும் இதழ்களையும் வெறும் படமாக எடுத்து வைத்துவிட்டால் அம்மென்பொருளுக்கு அது வெற்றுத் தாளே. படத்திலுள்ள எழுத்து எழுத்தாக மாற்றப்பட்டால்தான் வாய் திறக்கும். சட்டமும் வந்தது. மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் வேலைவாய்ப்பில் சம உரிமையை எழுத்தில் ஏற்றது. மீறுவோர்க்குத் தண்டனை என்ன என்று மட்டும் அச்சட்டம் வந்தபோது அதில் எழுதப்படவில்லை. மேல்தட்டு மாதிரிதான்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர் நானே ஒரு தேர்வுக் குழுவில் அமர நேர்ந்தது. கேள்வித் தாளில் அந்த ஏணி இன்னும் இருந்தது! நீக்கலாம் என்றேன். "அப்படியானால் மேலிருந்து யார் எடுப்பது?" என்றார் பக்கத்திலிருந்தவர். அதிகம் கேட்கப்படாத நூல்களை மட்டும் மேலே வைத்து, அவற்றை எடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் விடலாம் என்றேன். அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றனர். அன்று வந்த இளைஞர் ஏறுவேன் என்று உறுதியாகச் சொல்லி வேலை பெற்றார். உயரம் கண்டால் தலை சுற்றும் அவருக்கு என்பது பின்னர்த் தெரிந்தது. கடைசிவரை அவர் ஏறவில்லை. அவரை யாரும் ஊனமுற்றவர் என்று சொன்னதில்லை.

ஆவணக் காப்பகம் நூலகத்தினின்றும் வேறுபட்டது. அங்கே வாசகர் எவரும் அடுக்குகளுக்குள் செல்ல இயலாது. பேராசிரியரானாலும் அமைச்சரானாலும் படிப்பறையில் அமர்ந்து, சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பணியாளர் பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார். அவ்வறையில் எல்லாருமே கை எட்டாதவர்கள். ஆயினும் அங்கே ஒருவர் முகத்திலும் நாணத்தைக் கண்டதில்லை. யாரும் தலை குனிந்து நன்றி சொல்லிக் கொண்டிருப்பதில்லை. பெட்டி வரச் சற்றுத் தாமதமானால் கடிந்துகொள்வதும் உண்டு. பிறரை எதிர்பார்த்திருப்பது தன்னளவில் இழிவன்று என்பதற்கு அந்த அறையே சான்று. எல்லாருக்கும் உரியதாக இருந்தால் அது ஒழுங்குமுறை எனப்படும். நூறு பேரில் ஒருவனுக்கு மட்டும் தேவைப்பட்டால் அவன் கேட்டுப் பெற வேண்டும், கேட்டதற்காகக் கூச வேண்டும், பெற்றதற்காக என்றென்றும் நன்றியோடிருக்க வேண்டும். அந்த நன்றியின் விலை மிகுதி. பலர் அதற்கு அஞ்சியே கேட்காமல் இருந்துவிடுகின்றனர். நானும் இருந்தேன்.

என் பொய்யால் விளைந்த தீமையை இப்போது சொல்லலாம்.

1980-களின் நடுவில், நான் பணியாற்றிய இடத்தில் பழைய தமிழிதழ்களையும் தோட்டப் பள்ளிகள் வெளியிட்ட ஆண்டு மலர்களையும் கட்டடத்தின் பின்புற அறையொன்றில் வைத்திருந்தோம். கட்டுக்கட்டாகக் கட்டமைத்தவை, ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் எடை இருக்கும். கீழ்த்தட்டு தரையிலிருந்து நாலு விரல் உயரம். சனிக்கிழமைகளில் ஒருவரே பணியில் இருப்பது வழக்கம். என் முறை வரும்போது, "துணைக்கு ஒருவரைப் போடட்டுமா, தம்பி?" என்று மேற்பார்வையாளர் கேட்பார். நல்ல மனிதர். "வேண்டாம் ஐயா, நானே பார்த்துக்கொள்வேன்" என்பேன். ஏணி ஏறுவேன் என்றவன் துணை கேட்பதா? ஒவ்வொரு முறையும் அவர் கேட்டார். ஒவ்வொரு முறையும் மறுத்தேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

அத்தகைய ஒரு சனிக்கிழமை நண்பகலில் மழை கொட்டியது. பின்புறக் கால்வாய் அடைபட்டு, நீர் கதவின் அடியில் புகுந்தது. நான் பார்த்தபோது தரையில் ஓர் அங்குலம். கீழ்த்தட்டுக் கட்டுகளைத் தூக்கி மேசைமேல் வைக்க வேண்டும். இரு கையாலும் தூக்கினால் கால் நிற்காது, ஒரு கையால் சுவரைப் பிடித்தால் கட்டு வராது. தரையில் அமர்ந்து, ஒவ்வொன்றாக இழுத்து மடியில் வைத்து, மேல்தட்டுக்கு உந்தினேன். பதினொரு கட்டுகளை ஏற்றினேன். தொலைபேசி முன்னறையில் இருந்தது. எதிர்க்கடையில் வேலை செய்த இளைஞர்களை ஒரு குரல் கொடுத்து அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. நீர் இன்னும் ஏறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்கு கட்டுகள் நனைந்தன. நம் தட்பவெப்பத்தில் நனைந்த தாளில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். திங்கட்கிழமை அனைவருமாகச் சேர்ந்து தாளுக்குத் தாள் மையொற்றுத்தாள் வைத்து, விசிறியின் கீழ் விரித்து உலர்த்தினோம். மூன்று பிழைத்தன. நான்காவதில் இருந்தவை பள்ளி மலர்கள். வழவழப்பான படத்தாளில் அச்சிட்டவை. அத்தகைய தாள் நனைந்தபின் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிரிக்க முயன்றால் எழுத்து மறுபக்கத்தோடு போகும். மூடப்பட்டுவிட்ட தோட்டப் பள்ளிகள் சிலவற்றின் ஆசிரியர், மாணவர் படங்கள் அதில் இருந்தன. வேறெங்கும் படி இருந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை.

மேற்பார்வையாளர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. "நீங்கள் தனியாக என்ன செய்ய முடியும், தம்பி" என்றார். அந்தக் கருணையை ஏற்றுக்கொண்டேன். எதிர்க்கடையில் ஆள் இருந்ததை அவரிடம் சொல்லவில்லை. பிற்பகலில் பதிவேட்டை எடுத்து, அக்கட்டின் எண்ணுக்கு எதிரே 'நீக்கப்பட்டது' என்று என் கையாலேயே எழுதினேன். அடுத்த பத்தியின் தலைப்பு, காரணம். மழை என்று எழுதினேன்.